கடலின் அடியில் எத்தனை இனங்கள்?

பட்டப் படிப்பு முதலாண்டு மாணவர்களுக்குத் திரவ அழுத்தம் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் கீழே செல்லும்போதும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்த அளவு கூடுகிறது. 4000 மீட்டர் ஆழத்தில் அது 400 மடங்கு. உங்கள் கட்டைவிரல் நகத்தளவு பரப்பின் மீது நூறு கிலோ அரிசி மூட்டைகள் நான்கை அடுக்கியதற்குச் சமம். கணக்கைப் போட்டு முடித்ததும் ஒரு மாணவர் எழுந்து, "அப்படியானால் ஆழம் கூடக்கூடப் பிராணிகளின் வகை குறைந்துகொண்டே போகும், இல்லையா சார்?" என்று கேட்டார். "ஆமாம், அழுத்தம்தான் காரணம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். பல ஆண்டுகளாக அப்படியே சொல்லி வந்தவன் நான்.

நான் சொன்னது தவறு. ஒரு தவறு அல்ல, இரண்டு. ஆழம் கூடக்கூட வகைகள் குறைந்துகொண்டே போவதில்லை. குறையும் இடங்களிலும் அதற்கு முதற்காரணம் அழுத்தம் அன்று. உயிரியல் துறையிலுள்ள நண்பர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டியபின், இதுபற்றித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு பகுதியை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

என்னைப் போலவே தவறிய பெரியவர் ஒருவர் உண்டு என்பதில் எனக்குச் சற்று ஆறுதல். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கை விஞ்ஞானி 1841-ஆம் ஆண்டு 'பீக்கன்' என்ற கப்பலில் கிரீசுக்குக் கிழக்கேயுள்ள ஈஜியன் கடலுக்குச் சென்றார். கடலடியை வாரும் வலைப்பையை வெவ்வேறு ஆழங்களில் இறக்கி, வந்த பிராணிகளை எண்ணினார். ஆழம் கூடக்கூட வகைகள் குறைந்தன. அவர் எட்டிய மிகக் கூடிய ஆழம் 230 பாகம். (பாகம் என்பது ஆறு அடி, நம் மீனவர்கள் இன்றும் இந்த அளவையைப் பயன்படுத்துகிறார்கள்.) அந்தப் போக்கை அப்படியே நீட்டிப் பார்த்த ஃபோர்ப்ஸ், 300 பாகத்துக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே, உயிரே இராது என்று கருதினார்.

ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் இப்படிச் செய்வதுண்டு. வரைபடத் தாளில் ஐந்து புள்ளிகளைக் குறிப்பார்கள். ஒரு நேர்கோட்டை வரைவார்கள். புள்ளிகள் முடிந்த இடத்துக்கு அப்பாலும் அளவுகோலை நீட்டி விடையை வாசிப்பார்கள். கோடு அங்கும் நேராகத்தான் போகும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மேலும் ஈஜியன் கடல் இயல்பாகவே உணவு குறைந்த கடல். ஓர் ஏழை வீட்டின் சமையலறையைப் பார்த்து ஊர் முழுவதன் சாப்பாட்டையும் கணித்தது போலாயிற்று.

ஃபோர்ப்ஸின் எல்லையை உடைத்தது ஒரு தந்திக் கம்பி. மத்தியதரைக் கடலில் சார்டீனியா தீவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே போடப்பட்டிருந்த கடலடித் தந்திக் கம்பி பழுதாகி, 1860-இல் அதை மேலே இழுத்தார்கள். 2000 மீட்டர் ஆழத்தில் கிடந்த பகுதிகளில் பவளப் பிராணிகளும் சிப்பிகளும் ஒட்டி வளர்ந்திருந்தன! அங்கேயே பிறந்து வளர்ந்தவை என்பதில் ஐயமில்லை. பின்னர் 1872 முதல் 1876 வரை 'சேலஞ்சர்' கப்பல் உலகப் பெருங்கடல்களைச் சுற்றி வந்து 4000-க்கும் மேற்பட்ட புதிய இனங்களைக் கண்டது. 1951-இல் டென்மார்க்கின் 'கலாதியா' கப்பல் பிலிப்பைன்ஸ் அகழியில் 10,190 மீட்டர் ஆழத்திலிருந்தே பிராணிகளை அள்ளி வந்தது. உயிர் இல்லாத ஆழம் என்று ஒன்றும் இல்லை.

அழுத்தம் அவற்றை ஏன் நசுக்கவில்லை? நசுங்குவது உள்ளே காற்றுள்ள பொருள்தான். நீர் நிறைந்த உடலில் உள்ளும் புறமும் அழுத்தம் சமம். 4000 மீட்டர் ஆழத்தில் நீரின் பருமனே நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான் குறைகிறது. ஆனால் புரதங்களின் வடிவத்தை அழுத்தம் பாதிக்கும் என்பது உண்மை. மீன்களுக்கு 8000 மீட்டருக்குச் சற்றுக் கீழே ஓர் எல்லை இருப்பதாகத் தோன்றுகிறது. 2022-இல் ஜப்பானுக்கு அருகே 8336 மீட்டர் ஆழத்தில் ஒரு மீனைப் படம் பிடித்திருக்கிறார்கள். எனவே அழுத்தம் ஒன்றுமே செய்யாது என்று சொல்ல முடியாது. ஆனால் கடலின் சராசரி ஆழம் 3700 மீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 'சேலஞ்சர்' காலத்துக்குப் பிறகும் ஆழ்கடல் என்றால் ஏதோ சில விசித்திரப் பிராணிகள் மட்டும் வாழும் பாலைவனம் என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். 1960-களில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிலையத்தைச் சேர்ந்த ஹோவர்டு சாண்டர்ஸ், ராபர்ட் ஹெஸ்லர் இருவரும் அந்த எண்ணத்தை மாற்றினார்கள். அவர்கள் செய்தது எளிய வேலை. முந்தையவர்கள் பெரிய கண்ணுள்ள வலைகளையும் சல்லடைகளையும் பயன்படுத்தினார்கள். சேற்றோடு சிறு பிராணிகளும் நழுவிப் போயின. இவர்கள் கடலடியில் வழுக்கிச் செல்லும் சறுக்குவண்டி ஒன்றில் வலையைப் பொருத்தி, மேலே வந்த சேற்றை அரை மில்லிமீட்டரைவிடச் சிறிய கண்ணுள்ள சல்லடையில் அலசினார்கள். ஒரே இழுப்பில் 300-க்கும் மேற்பட்ட இனங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை அரிசி மணியைவிடச் சிறியவை: புழுக்கள், மட்டிகள், இறால் உறவுகள்.

ஆனால் எண்ணிக்கையை ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஓரிடத்தில் 10,000 பிராணிகள் கிடைக்கின்றன. வேறோர் இடத்தில் 500-தான் கிடைக்கின்றன. அதிகம் அள்ளினால் அதிக வகை கிடைக்கத்தானே செய்யும்? நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் விதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பையில் 100 விதைகள்: 96 புளியங்கொட்டை, மஞ்சாடி, குன்றிமணி, வேப்பங்கொட்டை, சோழி ஒவ்வொன்று. (சோழி விதையல்ல என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம்.) இரண்டாம் பையில் அதே ஐந்து வகை, வகைக்கு 20. இரண்டிலும் வகைகள் ஐந்துதான். இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பையிலிருந்தும் பத்தே பத்து எடுங்கள். இரண்டாம் பையில் நான்கோ ஐந்தோ வகைகள் வந்துவிடும். முதற்பையில் பெரும்பாலும் எல்லாம் புளியங்கொட்டையாகவே இருக்கும். ஆகவே எத்தனை வகை என்பதோடு, எந்த வகையாவது கூட்டத்தை ஆக்கிரமித்திருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். சமமான எண்ணிக்கையில் பிராணிகளை எடுத்தால் ஒவ்வோரிடத்திலும் எத்தனை வகை வரும் என்று கணக்கிட்டுத்தான் சாண்டர்ஸ் 1968-இல் கடல்களை ஒப்பிட்டார். கண்டச் சரிவின் ஆழத்துச் சேறு, வெப்பமண்டலத்தின் ஆழமற்ற கடலுக்கு நிகராக நின்றது!

பின்னர் மைக்கேல் ரெக்ஸ் என்பவர் மேற்கு வட அட்லாண்டிக் கடலின் நத்தை வகைகளை ஆழவாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தார். கரையோரத்து ஆழமற்ற பகுதியில் வகை குறைவு. இறங்க இறங்க வகை கூடுகிறது. ஏறத்தாழ 2000 முதல் 3000 மீட்டர் வரையுள்ள ஆழத்தில் உச்சம். அதற்கும் கீழே, ஆழ்கடல் சமவெளியை நோக்கிச் செல்லச் செல்ல மீண்டும் குறைகிறது. கோடு அன்று, மேடு! ஆனால் பிராணிகளின் மொத்த எண்ணிக்கை மட்டும் மேலிருந்து கீழ்வரை குறைந்துகொண்டேதான் போகிறது. தலைகள் குறையும்போது வகைகள் கூடுகின்றன என்பதுதான் வேடிக்கை.

இதற்குத் திறவுகோல் உணவு. சூரிய ஒளி எட்டாத ஆழத்தில் தாவரம் இல்லை. மேற்பரப்பில் மிதக்கும் நுண்பாசிகளும், அவற்றைத் தின்னும் உயிர்களின் கழிவும் உடல்களும் திரள் திரளாகக் கீழே உதிர்கின்றன. விஞ்ஞானிகள் இதைக் 'கடல்பனி' என்கிறார்கள். வழியிலேயே பெரும்பகுதி தின்னப்பட்டு, அழுகிக் கரைந்துவிடும். மேலே விளைந்ததில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் பெரும் ஆழத்துச் சேற்றை அடைகிறது. கரையோரத்தில் உணவு மிகுதி. வேகமாகப் பெருகும் சில இனங்கள் இடத்தை நிரப்பிவிடுகின்றன. நம் புளியங்கொட்டைகள்! சரிவின் நடுவில் உணவு மட்டானது. எந்த இனமும் ஆதிக்கம் செலுத்த முடியாமல் பலவும் பிழைக்கின்றன. மிக ஆழத்தில் உணவு அற்பம். அங்கே ஒரு நத்தைக்கு இணை கிடைப்பதே அரிது. ஆழ்சமவெளியின் நத்தை, மட்டிகளில் பல, மேலேயுள்ள சரிவிலிருந்து குஞ்சுப் பருவத்தில் மிதந்து வந்து சேர்ந்தவையே, அவை தம் இனத்தை அங்கே தாமாக நிலைநிறுத்த முடியாதவை என்று ரெக்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் கருதினர். மேட்டின் இடப்பக்கத்துக்கு வேறு விளக்கங்களும் உண்டு. இதில் எல்லோரும் ஒத்துப்போய்விடவில்லை.

உணவு மட்டும் போதாது என்பதற்கு நம் பக்கத்து அரபிக் கடலே சாட்சி. பருவக்காற்று அங்கே அடிநீரைக் கிளறி மேலே கொண்டுவருவதால் மேற்பரப்பில் விளைச்சல் அமோகம். ஆனால் உதிரும் அவ்வளவும் அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடுகிறது. ஏறத்தாழ 150 மீட்டர் முதல் 1000 மீட்டருக்கும் கீழ்வரை ஆக்சிஜன் மிகமிகக் குறைந்த ஓர் அடுக்கு உண்டு. 1933-34-இல் 'மபாஹிஸ்' என்ற எகிப்தியக் கப்பலில் சென்ற ஆய்வுக் குழு, இந்த அடுக்கு தொடும் கடலடியில் பிராணிகளே இல்லாத திட்டுகளைக் கண்டது. 1994-இல் ஓமன் கரைக்கு அப்பால் நடந்த ஆய்வில் 400 மீட்டர் ஆழத்தில் புழுக்கள் ஏராளமாக இருந்தன. ஆனால் வகைகள் மிகச் சிலவே. ஆக்சிஜன் திரும்பும் ஆழத்தில்தான் வகைகள் பெருகின.

ஆழத்தின் கதை இது. அட்சரேகையின் கதை இன்னும் சுவையானது.

நிலத்தில் விதி தெளிவு. பூமத்தியரேகையை நெருங்க நெருங்க மரம், பறவை, பூச்சி எல்லாவற்றிலும் வகைகள் மிகுதி. துருவங்களை நோக்கிச் செல்லக் குறைவு. ஆழமற்ற கடலிலும் பெரும்பாலும் அப்படியே. ஆழ்கடலில்? 3000 மீட்டரில் சென்னைக்கு நேரேயும் இருட்டு, லண்டனுக்கு நேரேயும் இருட்டு. வெப்பநிலை பெருங்கடல்கள் பலவற்றிலும் 1 முதல் 4 பாகை செல்சியஸுக்குள். அழுத்தமும் ஒன்றே, புவியீர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் மாறுவதால் வரும் வேறுபாடு நூற்றில் அரைப் பங்குக்குமேல் போகாது. அப்படியிருக்க அட்சரேகைக்கு அங்கே என்ன வேலை? ஒன்றுமிராது என்றுதான் நெடுநாள் நம்பினார்கள்.

1993-இல் ரெக்ஸ் குழுவினர் அட்லாண்டிக் கடலின் நத்தை, மட்டி, ஐசோபாடு ஆகியவற்றின் கணக்குகளைத் திரட்டினர். (ஐசோபாடு என்பது இறால், நண்டு வகுப்பைச் சேர்ந்த சிறு பிராணி.) வட அட்லாண்டிக்கில் வடக்கே போகப்போக வகைகள் குறைந்தன! ஆனால் உடனே ஒரு கேள்வி எழுந்தது. கோட்டின் வடகோடியிலுள்ள நார்வீஜியக் கடல் தனிப்பட்டது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஃபாரோ தீவுகளை இணைக்கும் கடலடி மலைத்தொடர் அதன் ஆழத்தைத் தெற்கிலிருந்து மதில்போல் தடுக்கிறது. வெளியிலிருந்து ஆழ்கடல் இனங்கள் உள்ளே நுழைவது கடினம். அங்கே காண்பது அட்சரேகையின் விளைவா, மதிலின் விளைவா? தென் அட்லாண்டிக்கில் போக்கு அவ்வளவு தெளிவாகவும் இல்லை. போதாததற்கு, 2002 முதல் 2005 வரை 'போலார்ஸ்டெர்ன்' கப்பலில் அண்டார்க்டிக் பகுதிக்குச் சென்ற ஆய்வாளர்கள், 774 முதல் 6348 மீட்டர் வரையுள்ள ஆழங்களிலிருந்து ஐசோபாடுகளை மட்டுமே 674 இனங்கள் சேகரித்து வந்தார்கள். அவற்றில் 585 அதுவரை யாரும் அறியாதவை. துருவத்தை நோக்கிச் சென்றால் வகை குறையும் என்ற விதி அங்கே எடுபடவில்லை.

2016-இல் ஆஸ்திரேலியாவின் ஸ்கிப்டன் வூலி, டிம் ஓஹாரா முதலியோர் வேறு வழியில் முயன்றனர். நட்சத்திர மீனுக்கு நெருங்கிய உறவான ஒரு பிராணி உண்டு: சிறு வட்டத் தட்டு போன்ற உடல், பாம்பு வால் போல் நெளியும் ஐந்து கைகள், முரட்டுத்தனமாகப் பிடித்தால் கை ஒடிந்துவிடும். 'ஒடிநட்சத்திரம்' என்று நாம் அழைக்கலாம். கரையோரம் முதல் பெரும் ஆழம் வரை எல்லாக் கடலிலும் இருப்பதால் ஒப்பிடுவதற்கு ஏற்றது. உலக அருங்காட்சியகங்களிலும் ஆய்வுப் பயணங்களிலும் சேர்ந்த 1,65,044 பதிவுகள், 2099 இனங்கள். இவற்றை ஆழவாரியாகப் பிரித்தார்கள். 2000 மீட்டர் வரை விதி பழையதே, வெப்பமண்டலத்தில்தான் உச்சம். 2000 மீட்டருக்குக் கீழே படம் மாறிவிட்டது. உச்சம் பூமத்தியரேகையை விட்டு விலகி, 30 முதல் 50 பாகை அட்சரேகைகளில், பெரும்பாலும் கண்டங்களின் ஓரங்களை ஒட்டி நின்றது!

ஏன்? ஆய்வுக்கூட அறிவே இங்கே போதும். மாறாத ஒன்றைக் கொண்டு மாறுவதை விளக்க முடியாது. மேல் 2000 மீட்டரில் இடத்துக்கு இடம் வெப்பநிலை மாறுகிறது. வகைகளும் அதைத் தொடர்ந்து மாறுகின்றன. அதற்குக் கீழே வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றே. அப்போது மாறுவது எது? மேலிருந்து உதிரும் உணவின் அளவு.

இனி நம் பாடம். வெப்பமண்டலக் கடலில் வெயிலால் சூடான நீர், அடர்த்தி குறைந்து, குளிர்நீரின்மேல் மூடிபோல் ஆண்டு முழுதும் மிதக்கிறது. பாசிகளுக்கு உரமான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியில், ஒளி மேலே. இரண்டும் சந்திப்பதில்லை. அதனால்தான் வெப்பமண்டலப் பெருங்கடலின் நடுப்பகுதி அவ்வளவு நீலமாக, தெளிவாக இருக்கிறது. நீரில் பாசி இல்லை என்பதே அதன் பொருள். நடு அட்சரேகைகளில் குளிர்காலம் வந்ததும் மேல்நீர் குளிர்ந்து, அடர்த்தி கூடி, மூழ்குகிறது. கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குக் கலங்கி, உரம் மேலே வருகிறது. வசந்தகால வெயில் பட்டதும் பாசிகள் பொங்கிப் பெருகுகின்றன. அந்தப் பொங்கலின் மிச்சம் கீழே உதிர்கிறது. அயர்லாந்துக்குத் தென்மேற்கே ஆழ்கடலடியில் காமிராக்களை இறக்கி வைத்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், வசந்தம் வந்து சில வாரங்களில் பச்சைத் துகள்கள் கடலடியைப் போர்த்துவதை 1983-இல் படத்துடன் வெளியிட்டனர். சூரியனையே காணாத புழுவுக்கும் வசந்தகாலம் உண்டு.

ஒடிநட்சத்திரத்துக்குப் பொருந்துவது எல்லாப் பிராணிகளுக்கும் பொருந்துமா? அவசரப்பட்டு அளவுகோலை நீட்ட வேண்டாம். கடலடியில் நாம் உண்மையில் அள்ளிப் பார்த்த பரப்பு மிகமிகச் சிறிது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஃபிரடெரிக் கிராஸ்ல், நான்சி மாசியோலெக் இருவரும் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் 1500 முதல் 2500 மீட்டர் ஆழத்தில் 233 தடவை இரும்புப் பெட்டியை இறக்கிச் சேற்றை எடுத்தனர். மொத்தப் பரப்பு 21 சதுர மீட்டர். ஒரு சிறு வகுப்பறையின் தரை. அதில் 90,677 பிராணிகள், 798 இனங்கள், பாதிக்குமேல் புதியவை. இதைக் கொண்டு ஆழ்கடலடியில் ஒரு கோடி இனங்கள் இருக்கலாம் என்று 1992-இல் மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு ராபர்ட் மே அதை மறுத்தார். அள்ளியதில் ஏறத்தாழ பாதி புதியது என்றால், மொத்தமும் தெரிந்ததைப் போல் இரு மடங்குதானே இருக்க வேண்டும்? அவர் கணக்கில் ஐந்து லட்சத்துக்குள். ஒரே சேறு, இருபது மடங்கு வேறுபட்ட இரு விடைகள்!

இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. ஆழ்சமவெளிகளில் உருளைக்கிழங்கு போன்ற உலோக உருண்டைகள் இறைந்து கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் அடங்கியவை. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் மட்டுமே வளர்பவை. அவற்றை எடுக்கப் பல நாடுகள் ஆயத்தம் செய்கின்றன. மத்திய இந்தியப் பெருங்கடலில் ஆய்வு நடத்த 2002-இல் நம் நாடும் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்தது. நம் பங்குப் பரப்பு 75,000 சதுர கிலோமீட்டர்.

ஒடிநட்சத்திரப் படத்தை மட்டும் பார்ப்பவர், "வகைகள் மிகுந்த இடம் 30, 40 பாகையில் அல்லவா? வெப்பமண்டலத்தின் நடுக்கடலில் தோண்டினால் நட்டம் குறைவு" என்று வாதிடலாம். ஆனால் ஹவாய்த் தீவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே, வெப்பமண்டலத்தில், உருண்டைகள் நிறைந்த ஏறத்தாழ 60 லட்சம் சதுர கிலோமீட்டர் சமவெளி இருக்கிறது. அங்கிருந்து கிடைத்தவற்றை 2023-இல் கணக்கெடுத்தபோது பிராணி இனங்கள் 5578 இருந்தன. அவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ தொண்ணூறுக்கு இன்னும் பெயரே வைக்கப்படவில்லை. தனக்கென்று சில இனங்கள் மட்டுமே உள்ள இடம் ஏழ்மையான இடமா, அந்த இனங்கள் வேறெங்கும் இல்லாதவையாக இருந்தால்?

தோண்டினால் என்ன ஆகும் என்று ஒரு சோதனையும் நடந்தது. 1989-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பெரு நாட்டுக்கு அப்பால், ஏறத்தாழ 4150 மீட்டர் ஆழத்தில், கலப்பை போன்ற கருவியை இழுத்துக் கடலடியை உழுதார்கள். 26 ஆண்டுகள் கழித்து, 2015-இல் மறுபடி சென்று காமிராவை இறக்கினார்கள். உழுத சால்கள் நேற்று உழுதவை போல் அப்படியே இருந்தன.